எந்த ஆரஞ்சு? 1/38 அளவில் ஒரு சியோல் டாக்ஸி

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன். ஜூன் கடைசியில் தொடங்கிய வேலை, நவம்பர் பாதியில் முடிந்திருக்கிறது. கையில் இருப்பது பன்னிரண்டே முக்கால் சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பொம்மைக் கார். வெள்ளி நிறத்தில் வந்த ஹூண்டாய் சோனாட்டா இப்போது ஆரஞ்சு நிற சியோல் டாக்ஸி ஆகிவிட்டது. இதற்கு முன்னால் ஒன்றைப் பாழாக்கினேன். முடிந்த இதையும் இரண்டு தரம் பெயின்ட் சுரண்டி மறுபடி அடித்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பதெல்லாம் இந்த மாதிரி வண்டிகள்தான். ஃபெராரி, லம்போர்கினி ஒன்றுகூடக் கிடையாது. தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத கொரிய வண்டிகள். அலமாரியில் மூத்தது ஹூண்டாய் போனி, கொரியாவின் முதல் சொந்த மாடல், 1975 கடைசியில் தயாரிப்புக்கு வந்தது. அதன் பக்கத்தில் தேவூ மாட்டிஸ். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜூஜாரோதான், நடுவில் இருபது வருடத்துக்கு மேல் இடைவெளி. அப்புறம் ஆத்தோஸ். நம்ம ஊர் சாண்ட்ரோவின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வந்த சாண்ட்ரோ அந்த உடம்பில் பிறந்ததுதான். எங்கள் வீட்டின் முதல் காரும் சாண்ட்ரோ. ஆகவே ஆத்தோஸ் பொம்மையைப் பார்த்தபோது விலைகூடக் கேட்காமல் எடுத்தேன்.

டாக்ஸி மட்டும் இல்லாமல் இருந்தது. கடைகளில் டாக்ஸி பொம்மை கிடைக்காமல் இல்லை. ஆனால் அதற்குக் கண் இருக்கும், வாய் இருக்கும், பின்னால் இழுத்தால் பாட்டு பாடும். எனக்கு வேண்டியது ராத்திரி கடைசி ரயிலை விட்ட பிறகு சியோல் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நிற்கிறதே, அந்த வண்டி.

வண்டி வாங்கியது தோங்மியோ பழைய சாமான் சந்தையில். நான் சியோலுக்கு வெளியே, சுவோன் நகரில் இருக்கிறேன். ஒன்றாம் நம்பர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் தோங்மியோ போய்விடலாம், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பழைய கோட்டு, ரேடியோ, கேமரா எல்லாம் தரையில் குவிந்து கிடக்கும். அதே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சாங்சின்தோங் பொம்மைக் கடைத் தெருவும் இருப்பதால் புதுசு, பழசு இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். அங்கே ஒரு தாத்தாவிடம் ஒரே மாதிரி இரண்டு சோனாட்டா, வெள்ளி நிறம், இரண்டுக்கும் சேர்த்து 14,000 வோன். ஒன்றுக்கு வலது கண்ணாடி இல்லை, இன்னொன்றுக்குப் பின்னால் இழுத்தால் ஓடும் மோட்டார் செத்துவிட்டது. இரண்டு வாங்கியது தற்செயல். அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று ஒரு வாரத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். இது 2014-இல் வந்த எல்.எஃப். சோனாட்டா. நிஜ வண்டியின் நீளம் 4,855 மில்லிமீட்டர், 38-ஆல் வகுத்தால் 127.8. பொம்மையில் 127.5 இருந்தது. அகலம் 1,865, அதாவது 49.1 வர வேண்டும், 49 வந்தது. பொம்மைக்கு இது ரொம்ப நேர்மை. எல்.எஃப்.-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2019-இல் அடுத்த தலைமுறை சோனாட்டா வந்தபோது அதில் டாக்ஸி வகை வரவில்லை. பழைய எல்.எஃப்.-ஐயே டாக்ஸிக்காக மட்டும் 2023 வரை செய்துகொண்டிருந்தார்கள். நான் ஏறிய டாக்ஸிகளில் பாதிக்கு மேல் அதுதான்.

பிரிப்பதில் முதல் சறுக்கல். அடித்தட்டைப் பாடியோடு பிடித்திருப்பது இரண்டு ரிவிட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தலை 5 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. பிட்டைக் கை டிரில்லில் மாட்டித் திருகினேன், நாற்பது நிமிஷத்தில் பொடி மட்டும் கொஞ்சம் வந்தது, கையில் கொப்புளமும் வந்தது. பொறுமை போய் அறை அண்ணனின் பேட்டரி டிரில்லை வாங்கினேன். அவர் ராணிப்பேட்டைக்காரர். கொடுக்கும்போதே, “தம்பி, பஞ்ச் பண்ணிட்டு வையிடா, வழுக்கும்” என்றார். ஒரகடத்தில் டூல் ரூமில் மூன்று வருஷம் இருந்த எனக்கே பஞ்ச் பற்றிச் சொல்கிறாரே என்று நினைத்தேன். வைத்தேன், வழுக்கியது. பிட் சாய்வாக இறங்கி, ரிவிட் உட்கார்ந்திருந்த முன் தூணின் ஒரு பக்கச் சுவரைத் தின்றுவிட்டது. இரண்டாவது வண்டியில் ஆணியை வைத்து நடுவில் ஒரு தட்டு தட்டினேன். பிறகு 2 மி.மீ. பிட், அதற்கு மேல் 3.5. வேகம் ரொம்பக் குறைவாக, இரண்டு சொட்டு எண்ணெயோடு. தலை வளையமாகக் கழன்று பிட்டிலேயே ஏறி வந்தது. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

தூண்களில் பிறகு 1.6 மி.மீ. துளை போட்டு, உள்ளே மரை வெட்டும் எம்-2 (2 மி.மீ.) டேப் ஓட்டினேன். சொங்கெச்சொன் ஓடைக்கரையில் இருக்கும் கருவிக் கடைகளில் இந்த மாதிரிக் குட்டி டேப் ஒற்றையாகக் கிடைக்கும். டேப், இரண்டு பிட், பத்து ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 10,000 வோன். ரிவிட்டுக்குப் பதில் ஸ்க்ரூ போட்டால் எத்தனை தரம் வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். இந்த ஒரு வேலைக்காக மட்டும் என் முதுகில் நானே தட்டிக்கொள்கிறேன்.

உள்ளே இருந்தது: சீட்டு எல்லாம் ஒரே வார்ப்பான கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடிக்கு ஒரே துண்டு, விளக்குகளுக்குத் தனித் துண்டு, கதவுக்கு இரண்டு சின்ன ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் ஒன்று பறந்து போனது. அடுத்த வாரம் வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைத்தது. பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வைத்தேன், அது இல்லாமல் கதவைத் திரும்ப மாட்டியிருக்க முடியாது.

இப்போது பெயின்டைக் கழற்றும் கதை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் டைசோ என்ற மலிவு சாமான் கடையில் வாங்கிய நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். பெயின்ட் கரையவில்லை, பிசினாகி ஒட்டிக்கொண்டது. அப்புறம் எங்கோ படித்த நினைவில் காஸ்டிக் சோடா. வெந்நீரில் இரண்டு கரண்டி கரைத்து, முதல் பாடியை அதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பெயின்ட் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது. அப்போதே எடுத்திருக்க வேண்டும். மூலை முடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதே, ராத்திரி முழுக்க இருக்கட்டும் என்று மூடி வைத்துத் தூங்கிவிட்டேன்.

டைகாஸ்ட் பொம்மை என்பது துத்தநாகக் கலவை. கூடவே கொஞ்சம் அலுமினியம். இரண்டையுமே காஸ்டிக் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வரும். பிழைப்பே வார்ப்பும் அச்சும் என்று இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் தூங்கினேன். காலையில் பாடி கரி பிடித்த தோசைக்கல் நிறத்தில் இருந்தது. கதவுக் கோடுகள் மழுங்கி, பானெட் முழுக்க அம்மைத் தழும்பு. முன் தூண் வேறு ஏற்கெனவே உடைந்தது. அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது.

இரண்டாவது வண்டிக்கு மெட்டலுக்கென்று விற்கும் ஜெல் வகைப் பெயின்ட் ரிமூவர், 9,000 வோன். பிரஷ்ஷால் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இருபது நிமிஷம். பழைய டூத் பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்தேன். இரண்டு சுற்றில் சுத்தமான சாம்பல் உலோகம் வெளியே வந்தது. ரப்பர் கையுறை கட்டாயம். ஒரு துளி மணிக்கட்டில் பட்டு இரண்டு நாள் எரிந்தது. பிறகு 600, 1000 நம்பர் உப்புத்தாளில் அச்சுக் கோடுகளைத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அதற்கு மேல் விரல் படாமல் ஒரு குச்சியில் மாட்டி வைத்தேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இந்தப் பொம்மை உயர்ந்த வகைச் சோனாட்டாவை வைத்துச் செய்தது. கூரையில் பெரிய கண்ணாடித் திறப்பு கறுப்பில் அச்சடித்திருந்தது, பெயின்டோடு அதுவும் போய்விட்டது, நல்லது. ஆனால் சக்கரம் 18 அங்குலம். டாக்ஸியில் வருவதோ 16. வேறு சக்கரம் தேடிப் பத்து நாள் அலைந்தேன். பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 205/65 ஆர் 16 டயரின் வெளிவிட்டம் 673 மி.மீ. 235/45 ஆர் 18 டயரின் வெளிவிட்டம் 669. 38-ஆல் வகுத்தால் 17.7, 17.6. டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்! மாறுவது உள்ளே இருக்கும் ரிம் மட்டும், 12 மி.மீ. இருப்பது 10.7 ஆக வேண்டும். ரிம்மின் ஓரத்தில் முக்கால் மி.மீ.-க்குச் சற்றுக் குறைவாக ஒரு கறுப்பு வளையம் வரைந்தேன். சக்கரத்தை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழல விட்டு, நிலையாகப் பிடித்த பிரஷ்ஷால். நான்கு சக்கரம், நான்கு நிமிஷம், செலவு இல்லை. இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த நான்கு நிமிஷம் அதுதான்.

இனி நிறம்.

சியோல் டாக்ஸியின் ஆரஞ்சு 2010 வாக்கில் நகராட்சி கொண்டுவந்தது, கம்பெனி டாக்ஸிகளுக்கு. சொந்தமாக ஓட்டுகிறவர்கள் வெள்ளி, வெள்ளை என்று வைத்திருக்கிறார்கள். நிறத்தின் பெயர் ‘கொத்தம் ஹ்வாங்தோ’. ஹ்வாங்தோ என்றால் மஞ்சள் களிமண். கொத்தம் என்றால் பூ வேலை செய்த மதில், அரண்மனைகளில் இருப்பது. ஆக, பெயரைக் கேட்டால் செம்மண் சுவர் நினைவுக்கு வர வேண்டும். தெருவில் பார்த்தால் ஆரஞ்சு. சுவோனில் டாக்ஸிக்கு இந்த நிறம் கிடையாது என்பது இன்னொரு தொல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்துக் கலக்க முடியாது.

முதல் முயற்சி ஜூலையில். ஃபோனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் கிடைத்த ஆரஞ்சு லேக்கரை அப்படியே அடித்தேன். அடியில் சாம்பல் சர்ஃபேசர், அதாவது அடிப்பூச்சு. ஏர்பிரஷ் 38,000 வோன், சார்ஜ் செய்யும் வகை, 0.3 நாசில். பெயின்ட் ஒன்றுக்குத் தின்னர் இரண்டு. ஆரஞ்சுக்கு மூடும் சக்தி குறைவு என்று அன்றுதான் தெரிந்தது. சாம்பல் அடியிலிருந்து எட்டிப் பார்த்து எல்லாம் செங்கல் நிறமானது. மூடட்டும் என்று மேலும் மேலும் அடித்ததில் கதவுக் கோடுகள் நிரம்பிவிட்டன. போதாக்குறைக்கு அது ஜாங்மா, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை கொட்டும் மழைக்காலம். காற்றெல்லாம் ஈரம். லேக்கர் காயும்போது ஈரத்தை இழுத்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிட்டது, விபூதி பூசியது போல. சுரண்டினேன்.

இரண்டாவது முயற்சி செப்டம்பர். இந்தத் தடவை உலோகப் பிரைமர், அதன்மேல் வெள்ளை. அதன்மேல் அதே ஆரஞ்சு. மூடியது, பளபளத்தது, ஒரு சுருக்கம் இல்லை. பெருமையாக அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாருக்குடா. கனகாம்பரம் கலரு.” அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு அதில் டாக்ஸி தெரியவே இல்லை. கனகாம்பரம்தான் தெரிந்தது.

அப்போதுதான் ஃபோன் படத்தை நம்பியது தப்பு என்று புரிந்தது. ஃபோன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக் கொடுக்கிறது. ஒரே டாக்ஸியை வெயிலில் எடுத்தால் ஒரு ஆரஞ்சு, ஸ்டேஷன் விளக்கில் எடுத்தால் வேறு. ஆகவே டைசோவில் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு கட்டு வாங்கினேன். ஆரஞ்சு, மஞ்சள், செம்பழுப்பு மூன்றையும் சொட்டுக் கணக்கில் கலந்து எட்டு ஸ்பூன்களின் முதுகில் அடித்து, காம்பில் விகிதத்தை எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை காலை ரயிலேறி சியோல் ஸ்டேஷன் டாக்ஸி வரிசைக்குப் போனேன்.

ஒரு எல்.எஃப்.-இன் முன் கதவுக்குப் பக்கத்தில் ஸ்பூனை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்ன செய்கிறாய் என்று கேட்டார். என் கொரிய மொழி ஃபேக்டரி கொரிய மொழி. “கிசாநிம் (ஓட்டுநர் ஐயா), மன்னிக்கணும், சின்ன டாக்ஸி செய்கிறேன், நிறம் பார்க்கிறேன்” என்று எப்படியோ சொல்லி, பிரித்துப்போட்ட பொம்மையின் படத்தையும் காட்டினேன். அவர் இறங்கி வந்தார். ஸ்பூன்களை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இந்தக் கதவில் பார்க்காதே. போன வருஷம் ஒருத்தன் இடித்து, வெளியே கொடுத்துப் பெயின்ட் அடித்தது. கூரையைப் பார்.” கூரை நிஜமாகவே வேறு நிறம், வெயிலில் வெளுத்து, கொஞ்சம் தூசி தட்டிய மாதிரி. பிறகு அவரே கதவைத் திறந்து, கதவு மூடும் இடுக்கைக் காட்டினார். அங்கே வெயில் படாது, பாலிஷ் படாது, ஃபேக்டரியில் அடித்தபடியே இருந்தது. கூரையைவிட ஒரு படி ஆழம், பழுப்பு அதிகம். ஒரே வண்டியில் மூன்று ஆரஞ்சு!

இடுக்கின் நிறத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தது ஆறாவது ஸ்பூன்: ஆரஞ்சு 6, மஞ்சள் 2, செம்பழுப்பு 1. அவர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். அதற்குள் பின்னால் ஹாரன். கும்பிட்டுவிட்டு விலகினேன்.

அன்றைக்கே கியோங்போக்குங் அரண்மனைக்கும் போய் ஜாக்யோங்ஜோனின் பூ மதிலைப் பார்த்தேன், பெயருக்குச் சொந்தக்காரன் ஆயிற்றே. செங்கலும் சுண்ணாம்பும் நடுவே சுடுமண் பூக்களும். அழகு. நிறம் கலக்க ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

மூன்றாவது முயற்சி அக்டோபர் கடைசி. ஆறாவது ஸ்பூன் கலவையை ஒரு சோதனைத் துண்டில் அடித்து மேஜைமேல் வைத்தேன். ஸ்பூனை வண்டியோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது அச்சு அசலாக இருந்தது. இப்போது மட்டமாக இருந்தது, இருட்டாக இருந்தது. பொருள் சின்னதானால் அதே நிறம் கண்ணுக்கு ஒரு படி கறுத்துத் தெரியும். மாடல் செய்கிறவர்கள் வழக்கமாகக் கொஞ்சம் வெள்ளை சேர்ப்பது இதற்குத்தான். ஒரு சொட்டு வெள்ளை சேர்த்தேன். அது கூரையின் ஆரஞ்சு ஆகிவிட்டது. வெளுத்த, பல வருஷம் ஓடிய கூரை. நான் தேடியது ஃபேக்டரி நிறம் இல்லை என்று அங்கேதான் தெளிந்தது. ராத்திரி வரிசையில் நின்ற வண்டிகள் எதுவும் புதுசு கிடையாதே.

6 : 2 : 1 : 1. நாலைந்து மாதம் அலைந்து கிடைத்த விகிதம். வேறு யாருக்காவது பயன்படட்டும்.

மெலிதாக நான்கு சுற்று, நடுவில் கால் மணி நேர இடைவெளி, பத்து சென்டிமீட்டர் தூரம். குளிர் வந்துவிட்டதால் காற்று வறண்டிருந்தது, வெள்ளை பூக்கவில்லை. காய வைக்க கொரிய வீட்டின் சூடான தரையைப் போல ஒன்று கிடையாது. ஒந்தோலை 30 டிகிரியில் வைத்து, தூசி விழாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, இரண்டு நாள் விட்டேன். அந்த இரண்டு நாளும் அண்ணன் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்தார், திட்டவில்லை. மேலே நிறமில்லாத கிளியர் அடித்ததில் மட்டும் பின் டிக்கியில் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் விழுந்தது, அதாவது பரப்பு சொரசொரவென்று. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பற்பசையால் பாலிஷ் செய்தேன். தொண்ணூறு சதம் போயிற்று.

டிக்கி என்றதும் ஒன்று. கொரிய டாக்ஸிகள் பெரும்பாலும் எல்.பி.ஜி.யில் ஓடுகிறவை. சிலிண்டர் டிக்கிக்குள், பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும். ஊரிலிருந்து 23 கிலோ பெட்டி இரண்டோடு இன்ச்சோன் விமான நிலையத்தில் இறங்கியவர்களுக்கு அந்தச் சிலிண்டரைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. என் பொம்மையில் டிக்கி திறக்காது. திறந்திருந்தால் பேனா மூடியில் சிலிண்டர் செய்து வைத்திருப்பேன். அது ஒரு குறைதான்.

எழுத்துகளுக்கு நீரில் நனைத்து ஒட்டும் டெகல் தாள், இங்க்ஜெட் வகை, இரண்டு தாள் 8,000 வோன். இதிலும் ஒரு தப்பு. அச்சடித்ததும் நனைத்தேன், மை கரைந்து தண்ணீர் கறுப்பாயிற்று. அச்சடித்து ஒரு மணி நேரம் கழித்து மேலே கிளியர் ஸ்ப்ரே மூன்று மெல்லிய சுற்று அடித்துக் காய வைத்தால்தான் மை நிற்கும். இன்னொன்று, வீட்டு பிரிண்டர் வெள்ளை அச்சடிக்காது, மற்ற மைகளும் ஊடுருவித் தெரியும். தெளிந்த தாளில் அச்சடித்த மஞ்சள் நம்பர் பிளேட்டை ஆரஞ்சுமேல் ஒட்டினால் காணாமல் போய்விடுகிறது. கறுப்பு எழுத்துக்குத் தெளிந்த தாள், நம்பர் பிளேட்டுக்கு வெள்ளைத் தாள்.

நம்பர் பிளேட் 520-க்கு 110 மி.மீ., சின்னதாக்கினால் 13.7-க்கு 2.9. வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகை, இடது ஓரத்தில் சின்னதாக ஊர் பெயர், நடுவில் ஆ, பா, சா, ஜா என்ற நான்கு எழுத்துகளில் ஒன்று. நான் ‘சா’ வைத்தேன். கடைசி நான்கு எண்கள் எங்கள் வீட்டுப் பழைய சாண்ட்ரோவினுடையது. கதவில் கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன்.

கூரை விளக்குக்கு, கண்ணாடி மாதிரி இருந்த ஒரு பழைய டூத் பிரஷ் கைப்பிடி. முதலில் 18 மி.மீ. நீளத்துக்கு வெட்டினேன், ஆம்புலன்ஸ் மாதிரி ஆயிற்று. 14-க்கு 4, உயரம் 3 என்று குறைத்ததும் சரியாக உட்கார்ந்தது. அடியில் வெள்ளை பூசினால் உள்ளே வெளிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறது. கூரையில் 0.8 மி.மீ. துளை போட்டு, ஜெம் கிளிப் கம்பித் துண்டால் ஊன்றினேன். பெயின்ட் அடித்த பிறகு துளை போட்டது முட்டாள்தனம், பிட் இறங்கும்போது உயிர் கையில் இல்லை. அடுத்த தடவை வெறும் உலோகமாக இருக்கும்போதே போட்டுவிடுவேன்.

மொத்தச் செலவு 1,33,000 வோன், நம்ம பணத்தில் எட்டாயிரத்தைத் தாண்டும். அதில் ஏர்பிரஷ் இனிமேலும் உதவும். பிரைமர், சர்ஃபேசர், வெள்ளை சேர்த்து 16,000. ஐந்து குப்பி பெயின்ட் 15,000. கிளியர் 9,000. காஸ்டிக்குக்குக் கொடுத்த 3,000-ஐ நினைத்தால் மட்டும் இன்னும் வயிறு எரிகிறது. ஒட்டும் டேப், ஸ்பூன், டூத் பிரஷ், கையுறை என்று டைசோவில் போனது 11,000.

அடுத்தது போர்ட்டர், ஒரு டன் லாரி. கொரியாவில் காய்கறி விற்பதும் வீடு மாற்றுவதும் அதில்தான். நீல நிறம். எந்த நீலம் என்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கதவு இடுக்கைப் பார்க்கச் சொல்லி யாரையாவது கேட்கப் போகிறேன். நிறத்தை ஜாங்மாவில் தொட மாட்டேன். வண்டி எப்போதும் இரண்டாக வாங்குவேன்.

காஸ்டிக் தின்ற முதல் பாடி மேஜையில்தான் இருக்கிறது, அண்ணன் அதில் ஊசி, பொத்தான் போட்டு வைத்திருக்கிறார். டாக்ஸியின் முன் கண்ணாடிக்கு உள்ளே ‘பின்ச்சா’ என்று ஒரு சிவப்புப் பலகை ஒட்டியிருந்தேன். காலி வண்டி என்று அர்த்தம், நாலு மி.மீ. அகலம்தான். இன்று காலை எடுத்துப் பார்த்தால் அதைக் காணோம். ஆட்டினால் சீட்டுக்கு அடியில் எங்கோ கிடுகிடுவென்று சத்தம். ஸ்க்ரூதானே, இரண்டு நிமிஷத்தில் திறந்துவிடலாம். சனிக்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.